வைரஸ் இருக்கிறதா, இயங்குகிறதா? ஸ்ப்ளைசிங்கை வைத்துப் பரிசோதனை வடிவமைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

முப்பது வயதுப் பெண் ஒருவருக்கு எச்.பி.வி. (மனித பாப்பிலோமா வைரஸ்) டி.என்.ஏ. பாசிட்டிவ் என்று ரிப்போர்ட் வருகிறது. பாப் ஸ்மியரில் செல்கள் நார்மல். அடுத்து என்ன செய்வது? கருப்பைவாயில் எச்.பி.வி. தொற்று வந்தவர்களில் பெரும்பாலோருக்கு ஓரிரு ஆண்டுகளில் அது தானாகவே போய்விடும். சிலருக்கு மட்டும் தங்கி, புற்றுநோய் வரைக்கும் கொண்டுபோகும். டி.என்.ஏ. பரிசோதனைக்கு இந்த இரண்டு பேரும் ஒன்றுதான். வைரஸின் மரபணு அங்கே இருக்கிறது என்பதோடு அதன் பேச்சு முடிந்துவிடுகிறது. அந்த மரபணு இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறது என்று கேட்க வேண்டுமென்றால் ஆர்.என்.ஏ.-விடம் போக வேண்டும். ஆர்.என்.ஏ.-விலும் வெட்டி ஒட்டப்பட்ட, அதாவது ஸ்ப்ளைஸ் ஆன ஆர்.என்.ஏ. தரும் சாட்சி தனி வலுவுடையது.

மூலக்கூறு பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்பவர்களையும், நுண்ணுயிரியல் படிப்பவர்களையும், இந்த ரிப்போர்ட்டுகளைப் படித்து முடிவெடுக்கும் மருத்துவர்களையும் மனதில் வைத்து எழுதுகிறேன். பி.சி.ஆர். என்றால் என்னவென்று தெரிந்திருந்தால் போதும்.

முதலில், ஸ்ப்ளைசிங் பற்றித் தேவையான அளவுக்கு

டி.என்.ஏ.-விலிருந்து படியெடுக்கப்படும் முதல் ஆர்.என்.ஏ. நீளமானது. அதில் புரதத்துக்கு வேண்டிய பகுதிகள் எக்ஸான்கள்; இடையில் நீக்கப்படுபவை இன்ட்ரான்கள். செல்லின் உட்கருவில் ஸ்ப்ளைசோசோம் என்னும் பெரிய மூலக்கூறு இயந்திரம் இன்ட்ரானை வெட்டி எறிந்துவிட்டு எக்ஸான்களை ஒட்டுகிறது. இன்ட்ரான் பெரும்பாலும் ஜி-யு என்று தொடங்கி ஏ-ஜி என்று முடியும். தொடங்கும் இடத்தை டோனர் என்றும் முடியும் இடத்தை அக்செப்டர் என்றும் சொல்கிறோம்.

இது முதன்முதலில் பிடிபட்டதே ஒரு வைரஸில்தான். 1977-இல் அடினோவைரஸ் 2-இன் ஆர்.என்.ஏ.-வை அதன் டி.என்.ஏ.-வோடு சேர்த்து எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது, டி.என்.ஏ. வளையம் வளையமாகப் பிதுங்கி நின்றது. ஆர்.என்.ஏ.-வில் ஜோடி இல்லாத பகுதிகள்தான் அந்த வளையங்கள். எம்.ஐ.டி.-யில் ஃபிலிப் ஷார்ப்பின் குழுவும், கோல்ட் ஸ்பிரிங் ஹார்பரில் ரிச்சர்ட் ராபர்ட்ஸ் உள்ளிட்டோரும் தனித்தனியாக இதைக் கண்டார்கள். 1993-இல் அவ்விருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. சூசன் பெர்ஜெட், கிளேர் மூர், லூயிஸ் சௌ, தாமஸ் புரோக்கர் ஆகியோரின் கை அந்தப் படங்களில் எவ்வளவு இருக்கிறது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

வைரஸுக்குச் சொந்தமாக ஸ்ப்ளைசோசோம் கிடையாது. நம் செல்லுடையதைத்தான் பயன்படுத்திக்கொள்கிறது. அதனால் உட்கருவுக்குள் நுழையும் வைரஸ்களில்தான் இது நடக்கும்: பாப்பிலோமா, அடினோ, பாலியோமா, ஹெர்பிஸ் குடும்பத்தின் சில மரபணுக்கள், பார்வோ, ஹெபடைடிஸ் பி, எச்.ஐ.வி., எச்.டி.எல்.வி. மற்ற ஆர்.என்.ஏ. வைரஸ்களில் இன்ஃப்ளூயன்சா ஒரு விதிவிலக்கு. அது உட்கருவில் பெருகுவதால் 7-ஆவது, 8-ஆவது துண்டுகளின் செய்தி ஆர்.என்.ஏ. ஸ்ப்ளைஸ் ஆகிறது. டெங்கு, போலியோ, கொரோனா எல்லாம் சைட்டோபிளாசத்திலேயே வேலையை முடித்துக்கொள்பவை. அவற்றில் ஸ்ப்ளைசிங்கைத் தேடுவது வீண்.

பரிசோதனைக்கு வேண்டிய கரு இதுதான்: எக்ஸான்கள் ஒட்டிய இடத்தில் உருவாகும் புது எழுத்து வரிசை வைரஸின் டி.என்.ஏ.-வில் எங்கும் கிடையாது. அந்த வரிசை சாம்பிளில் கிடைத்தால், அந்த வைரஸ் ஒரு செல்லின் உட்கருவுக்குள் போய், படியெடுக்கப்பட்டு, வெட்டி ஒட்டப்பட்டிருக்கிறது என்று பொருள். சும்மா ஒட்டிக்கொண்டிருக்கும் வைரஸ் துகளால் பொதுவாக இதைத் தர முடியாது.

படி 1: கேள்வியை முடிவு செய்யுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போய்விட்டு, கடைசியில் பயன்படாத பரிசோதனையோடு நிற்பவர்கள் அதிகம். தொற்று இருக்கிறதா இல்லையா என்பது மட்டுமே உங்கள் கேள்வி என்றால் ஸ்ப்ளைசிங் தேவையில்லை. மகாராஷ்டிராவின் அப்போதைய உஸ்மானாபாத் (இன்று தாராசிவ்) மாவட்டத்தில் 1,30,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த ஆய்வு 2009-இல் வெளியானது. ஒரே ஒரு முறை செய்த எச்.பி.வி. டி.என்.ஏ. பரிசோதனையே முற்றிய கருப்பைவாய்ப் புற்றுநோயையும் அதன் மரணங்களையும் ஏறக்குறைய பாதியாகக் குறைத்தது. ஊர் ஊராகப் போய்ச் செய்யும் முதல்நிலைப் பரிசோதனைக்கு டி.என்.ஏ. போதும். அதை விட்டுவிட்டு நுணுக்கமான ஆர்.என்.ஏ. பரிசோதனைதான் வேண்டும் என்று காத்திருந்தால் பெண்களுக்குத்தான் நஷ்டம்.

ஸ்ப்ளைசிங் கைகொடுக்கும் கேள்விகள் வேறு. டி.என்.ஏ. பாசிட்டிவ் ஆனவர்களில் யாரை முதலில் கோல்போஸ்கோப்பிக்கு, அதாவது கருப்பைவாயைப் பெரிதாக்கிப் பார்க்கும் பரிசோதனைக்கு அனுப்புவது? தொண்டைப் பகுதிப் புற்றுக்கட்டியில் கிடைத்த எச்.பி.வி. அந்தக் கட்டிக்குக் காரணமா, அல்லது தற்செயலாக அங்கே இருக்கிறதா? கூட்டு மருந்து எடுக்கும் எச்.ஐ.வி. நோயாளியின் செல்களில் ஒளிந்திருக்கும் வைரஸில் எத்தனை இன்னும் விழித்தெழக்கூடியவை?

படி 2: வைரஸின் ஸ்ப்ளைஸ் வரைபடத்தை மேசையில் விரித்து வையுங்கள்

பிரைமர் மென்பொருளைத் திறப்பதற்கு முன் இதைச் செய்யுங்கள். எச்.பி.வி. 16-இன் மரபணு 7,900 எழுத்துகளைச் சற்றே தாண்டும். அதில் நினைவில் வைக்க வேண்டிய இரண்டு டோனர்கள் 226, 880 (எத்தனையாவது எழுத்து என்பதே இந்த எண்கள்). முக்கியமான அக்செப்டர்கள் 409, 526, 3358. 226-ஐ 409-உடன் ஒட்டினால் இ6*1 என்ற வடிவம் கிடைக்கிறது. நடுவில் போவது 182 எழுத்துகள். இ6, இ7 இரண்டும் கட்டியை வளர்க்கும் வைரஸ் புரதங்கள். முழு இ6 புரதம் வேண்டுமென்றால் இந்த இன்ட்ரான் வெட்டப்படாமல் இருக்க வேண்டும். ஆனால் புற்றுநோய்ச் செல்களில் இ6*1 ஏராளமாகக் கிடைக்கும். இ7 புரதம் நன்றாக உருவாக இந்த வெட்டு உதவுகிறது என்று கருதப்படுகிறது. மரு உண்டாக்கும் 6, 11 போன்ற அபாயம் குறைந்த வகைகளில் இந்த இ6 இன்ட்ரான் இல்லை. ஆகவே இ6*1 என்ற அடையாளம் அபாயம் மிகுந்த வகைகளோடு சேர்ந்தே வருகிறது.

880-ஐ 3358-உடன் ஒட்டினால் இ1^இ4. சாதாரணத் தொற்றில், மேல் அடுக்குகளில் வைரஸ் புதுத் துகள்களை உருவாக்கும்போது இது மிக அதிகம்.

இப்போது எச்.ஐ.வி.-யைப் பாருங்கள். அதன் ஆர்.என்.ஏ. மூன்று வகுப்பாக வரும்: வெட்டப்படாத, ஏறத்தாழ 9,000 எழுத்து நீளமுள்ளது, ஒரு முறை வெட்டப்பட்ட, சுமார் 4,000 உள்ளது, பலமுறை வெட்டப்பட்ட, சுமார் 2,000 உள்ளது. செல்லுக்குள் வைரஸ் படியெடுக்கத் தொடங்கியதும் முதலில் உட்கருவை விட்டு வெளியே வருவது மூன்றாவது வகுப்பு. டாட், ரெவ், நெஃப் புரதங்கள் அதிலிருந்து உருவாகின்றன. ரெவ் போதிய அளவு சேர்ந்த பிறகே அது திரும்பி உட்கருவுக்குள் போய், வெட்டப்படாத நீள ஆர்.என்.ஏ.-வை வெளியே கொண்டுவருகிறது. அதனால் டாட்/ரெவ் ஸ்ப்ளைஸ் வடிவம் என்பது வைரஸ் விழித்ததன் முதல் அறிகுறி. எச்.எக்ஸ்.பி.2 என்ற மாதிரி வரிசையின் எண்களில், டாட், ரெவ் இரண்டின் முதல் எக்ஸானும் 6045-இல் முடிந்து, இரண்டாவது 8379-இல் தொடங்குகிறது. இடையிலுள்ள இன்ட்ரான் 2,333 எழுத்துகள்.

182, 2,333. இந்த இரண்டு எண்களும் 4-ஆவது படியில் மறுபடி வரும்.

படி 3: சாம்பிள்

ஸ்ப்ளைஸ் ஆன ஆர்.என்.ஏ. செல்லுக்குள் இருக்கும். இது சின்ன விஷயம்போலத் தோன்றும். ஆனால் பரிசோதனையே இதில்தான் நிற்கிறது. எச்.ஐ.வி. வைரல் லோடு பார்க்கப் பிளாஸ்மா எடுக்கிறோம். அதிலுள்ள துகள்களுக்குள் இருப்பது வெட்டப்படாத முழு நீள மரபணு. டாட்/ரெவ் ஸ்ப்ளைஸ் வடிவத்தைப் பிளாஸ்மாவில் தேடினால் நெகட்டிவ் வரும், அந்த நெகட்டிவுக்கு எந்த அர்த்தமும் கிடையாது. ரத்தத்திலிருந்து வெள்ளணுக்களை, முடிந்தால் எச்.ஐ.வி. தங்கும் சி.டி.4 செல்களை மட்டும் பிரித்தெடுக்க வேண்டும்.

கருப்பைவாய்க்கு, செல்களைத் தேய்த்தெடுத்த பிரஷ்ஷை உடனே திரவ ஊடகத்தில் அலசிவிட வேண்டும். மெத்தனால் கலந்த திரவச் சைட்டாலஜி ஊடகங்களில் ஆர்.என்.ஏ. ஓரளவு தாங்கும். எவ்வளவு நாள், எந்த வெப்பநிலையில் என்பதை உங்கள் லேபிலேயே சோதித்து எழுதி வையுங்கள். பாரஃபின் கட்டியிலிருந்து எடுக்கும் திசுவில் ஃபார்மலின் ஆர்.என்.ஏ.-வைத் துண்டு துண்டாக்கியிருக்கும். அங்கே 100 எழுத்துக்குள் முடியும் பி.சி.ஆர். மட்டுமே நம்பகமாக ஓடும்.

ஆர்.என்.ஏ. பிரித்தபின் டி.என்.ஏஸ் போட்டு மிச்ச டி.என்.ஏ.-வை அழிக்க வேண்டும். இங்கே ஒரு நுணுக்கம். டி.என்.ஏஸுக்கு மெக்னீசியம் வேண்டும். வேலை முடிந்ததும் அதைச் சூட்டில் செயலிழக்கச் செய்கிறோம். மெக்னீசியம் இருக்கும் நிலையிலேயே சூடாக்கினால் ஆர்.என்.ஏ.-வும் சேர்ந்து உடைந்துபோகும். முதலில் ஈ.டி.டி.ஏ. சேர்த்து மெக்னீசியத்தைக் கட்டிவிட்டு, அப்புறம் சூடாக்குங்கள். பிரிக்கும் குழலிலேயே டி.என்.ஏஸ் போட்டுக் கழுவிவிடும் முறை இருந்தால் இந்தத் தொல்லை இல்லை.

படி 4: பிரைமரும் ப்ரோபும்

இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, இன்ட்ரானின் இரு பக்கமும் பிரைமர்களை வைப்பது. மற்றது, ஒட்டிய இடத்தின் மேலேயே ஒரு பிரைமரையோ ப்ரோபையோ (தேடும் வரிசையில் ஒட்டி ஒளிரும் குறுந்துண்டு) உட்கார வைப்பது. எதைத் தேர்ந்தெடுப்பது என்பதை இன்ட்ரானின் நீளம் சொல்லிவிடும்.

எச்.ஐ.வி.-யில் இரு பக்கமும் வைத்தாலே போதும். டி.என்.ஏ. கலந்திருந்தாலும் அதிலிருந்து வரக்கூடிய துண்டு 2,300-க்கும் மேல் நீளமாக இருக்கும், ரியல்டைம் பி.சி.ஆர்.-இன் குறுகிய நேரத்தில் அது பெருகாது. எச்.பி.வி. 16-இன் இ6*1-இல் அப்படி விட்டுவிட முடியாது. 182 எழுத்து கூடுதலாக இருந்தாலும் பி.சி.ஆர். அதை எளிதாகப் பெருக்கிவிடும். சைபர்க்ரீன் போன்ற சாயம் மட்டும் போட்டிருந்தால் டி.என்.ஏ.-வே பாசிட்டிவ் காட்டும். ஆகவே 226-க்கு முன்னால் ஒரு பிரைமர், 409-க்குப் பின்னால் ஒரு பிரைமர், 226^409 இணைப்பின் மேல் ப்ரோப் என்று அமையுங்கள். ப்ரோபின் நடுப்பகுதி இணைப்பின் மேல் விழ வேண்டும். ஒரு பக்கம் மட்டும் ஒட்டிக்கொண்டு ஒளிராத அளவுக்கு அது குட்டையாகவும் இருக்க வேண்டும். எம்.ஜி.பி. அல்லது எல்.என்.ஏ. வகை ப்ரோப்கள் குட்டையாக இருந்தும் இறுக ஒட்டுவதால் இந்த இடத்துக்குப் பொருத்தமானவை.

பிரைமரையே இணைப்பின் மேல் வைப்பதானால், அதன் பெரும்பகுதி ஒரு எக்ஸானிலும் 3 பிரைம் முனையின் சில எழுத்துகள் மட்டும் மறு எக்ஸானிலும் இருக்கட்டும். அந்த முனை அதிகம் நீண்டால் அதுவே தனியாக ஒட்டிக்கொள்ளும். மிகக் குறைந்தால் இணைப்பு இல்லாத வரிசையிலும் தவறி ஓடும். இன்னொன்று, வெட்டப்பட்ட இன்ட்ரானின் முதல் எழுத்துகளும் அடுத்த எக்ஸானின் முதல் எழுத்துகளும் தற்செயலாக ஒன்றாக இருக்கலாம். கையால் எழுதிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மென்பொருள் இதைச் சொல்லாது.

வைரஸின் வகை வேறுபாட்டையும் பார்க்க வேண்டும். இந்தியாவில் எச்.ஐ.வி.-யில் பெரும்பான்மை சி துணைவகை. ஆனால் எச்.எக்ஸ்.பி.2 பி துணைவகை. பழைய கட்டுரைகளில் வரும் டாட்/ரெவ் பிரைமர்களை அப்படியே ஆர்டர் செய்யாமல், சி துணைவகை வரிசைகள் பலவற்றோடு சேர்த்து வரிசைப்படுத்திப் பாருங்கள்.

படி 5: ஆர்.என்.ஏ.-வை சி.டி.என்.ஏ. ஆக்குவது

ஆர்.என்.ஏ.-வை டி.என்.ஏ. படியாக மாற்றும் இந்த வேலைக்கு, எங்கும் ஒட்டும் ரேண்டம் ஹெக்ஸாமர், ஆர்.என்.ஏ.-வின் வால் முனையில் ஒட்டும் ஆலிகோ டி.டி., குறிப்பிட்ட பிரைமர் மூன்றில் எதையும் பயன்படுத்தலாம். உடைந்த ஆர்.என்.ஏ.-வுக்கு ஆலிகோ டி.டி. ஒத்துவராது.

ஒரு எச்சரிக்கை. ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் என்சைம் சில நேரம் ஓர் இடத்திலிருந்து தாவி, ஒத்த எழுத்துகள் உள்ள வேறோர் இடத்தில் தொடரும். அப்போது ஸ்ப்ளைசிங்கே நடக்காமல் ஒரு பொய் இணைப்பு பிறக்கும். புதிய இணைப்பு கண்டுவிட்டோம் என்று எழுதப்பட்ட சிலவற்றின் பின்னால் இருப்பது இதுதான். வெட்டிய பகுதி ஜி-டி (ஆர்.என்.ஏ.-வின் ஜி-யு, டி.என்.ஏ. எழுத்தில்) என்று தொடங்கி ஏ-ஜி என்று முடிகிறதா, இணைப்பின் இரு பக்கமும் ஒரே குறு வரிசை திரும்ப வருகிறதா என்று பாருங்கள். பரிசோதனையை அமைக்கும்போது கிடைக்கும் துண்டை ஒரு முறையாவது சாங்கர் முறையில் படித்து உறுதிசெய்யுங்கள்.

படி 6: கட்டுப்பாடுகள்

ஒவ்வொரு சாம்பிளோடும் ஓட வேண்டியவை இரண்டு. முதலாவது, ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் போடாத குழாய். அதில் சிக்னல் வந்தால் அது ஆர்.என்.ஏ.-விலிருந்து வந்ததில்லை. இரண்டாவது, மனிதச் செல்லின் ஒரு சாதாரண ஆர்.என்.ஏ. அது வரவில்லை என்றால் சாம்பிளில் ஆர்.என்.ஏ.-வே பிழைத்திருக்கவில்லை, வைரஸ் பற்றி எதுவும் சொல்லக் கூடாது. ஜி.ஏ.பி.டி.எச். மரபணுவுக்கு மனித டி.என்.ஏ.-வில் இன்ட்ரான் இல்லாத போலிப் பிரதிகள் பல உண்டு. அதை எடுத்தால் டி.என்.ஏ.-வே ஆர்.என்.ஏ. போல் நடிக்கும். வேறொன்றைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

எச்.பி.வி. 16-க்கு செல் வரிசைகள் கைவசம் உள்ளன. சிஹா செல்லில் ஓரிரு வைரஸ் பிரதிகள், கேஸ்கியில் சுமார் 600, சி33ஏ-வில் எதுவும் இல்லை. மூன்றையும் ஓட்டினால் பரிசோதனையின் மேலும் கீழும் தெரிந்துவிடும்.

பாசிட்டிவ் கட்டுப்பாடாக இணைப்பு வரிசை உள்ள பிளாஸ்மிடைப் பி.சி.ஆர். அறைக்குள் கொண்டுவராதீர்கள் என்று கெஞ்சிக் கேட்பேன். ஸ்ப்ளைஸ் ஆன வரிசை இயற்கையான வைரஸ் டி.என்.ஏ.-வில் இல்லை என்ற ஒரே பலத்தின்மேல்தான் இந்தப் பரிசோதனை நிற்கிறது. அந்தப் பிளாஸ்மிட் ஒரு துளி சிதறினால் அந்தப் பலம் போய்விடும். சோதனைக்குழாயில் செய்த ஆர்.என்.ஏ.-வைப் பயன்படுத்தி, அதையும் தனி அறையில் நீர்க்கச் செய்யுங்கள்.

படி 7: முடிவைப் படிப்பது

டி.என்.ஏ. பாசிட்டிவ், ஸ்ப்ளைஸ் ஆர்.என்.ஏ. பாசிட்டிவ் என்றால் வைரஸ் இயங்குகிறது. டி.என்.ஏ. பாசிட்டிவ், ஸ்ப்ளைஸ் நெகட்டிவ், மனித ஆர்.என்.ஏ. நன்றாக வந்திருக்கிறது என்றால் தேடிய அந்த வடிவம் கண்டறியும் அளவுக்கு இல்லை. நோய் இல்லை என்று அதற்குப் பொருள் கொள்ளாதீர்கள். தொடர் கண்காணிப்பு வேண்டும்.

டி.என்.ஏ. நெகட்டிவ், ஸ்ப்ளைஸ் பாசிட்டிவ் என்று வந்தால் உடனே கலப்படம் என்று தூக்கிப் போடத் தோன்றும். கலப்படமா என்று முதலில் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் எச்.பி.வி.-யில் இதற்கு உண்மையான காரணமும் உண்டு. சில டி.என்.ஏ. பரிசோதனைகள், வைரஸின் வெளியோட்டுப் புரதத்துக்கான எல்1 பகுதியைத் தேடுகின்றன. வைரஸ் மனித டி.என்.ஏ.-வுக்குள் செருகிக்கொள்ளும்போது எல்1 தொலைந்து போகலாம். இ6, இ7 மட்டும் பத்திரமாக இருக்கும். கட்டியை வளர்ப்பது அவைதான். ஆகவே இத்தகைய சாம்பிளை இ6/இ7 பகுதிக்கான டி.என்.ஏ. பி.சி.ஆர்.-இல் மறுபடி பாருங்கள்.

இதோடு ஒட்டிய இன்னோர் அழகான முறை உண்டு. செருகிக்கொண்ட வைரஸில் 880 டோனருக்கு அதன் வழக்கமான 3358 அக்செப்டர் கிடைக்காமல் போகலாம். அப்போது அது பக்கத்திலுள்ள மனித மரபணுவின் அக்செப்டரோடு ஒட்டிக்கொள்கிறது. இ7-இலிருந்து ஒரு பிரைமரும் மறுமுனையில் ஆலிகோ டி.டி.-யும் வைத்துப் பெருக்கிப் படித்தால், பாதி வைரஸ் பாதி மனிதன் என்று ஓர் ஆர்.என்.ஏ. கிடைக்கும். வைரஸ் எந்தக் குரோமோசோமில் செருகியிருக்கிறது என்பதை அதுவே காட்டிவிடும்.

ஒரே வடிவத்தை மட்டும் பார்ப்பதைவிட இரண்டின் விகிதம் அதிகம் சொல்லும். உதாரணத்துக்கு, சிக்னல் தென்படும் பி.சி.ஆர். சுழற்சியின் எண்ணான சி.டி. மதிப்பு (குறைவாக இருந்தால் ஆர்.என்.ஏ. அதிகம்) இ1^இ4-க்கு 24, இ6*1-க்கு 30 என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 6, இரண்டு வினைகளும் முழுத் திறனில் ஓடினால் இ1^இ4 சுமார் 64 மடங்கு அதிகம். துகள்களை உற்பத்தி செய்யும் சாதாரணத் தொற்றின் சாயல் அது. இதுவே தலைகீழாக, இ6*1 ஓங்கி இ1^இ4 தேய்ந்திருந்தால் கவலைப்பட வேண்டும். விகிதத்தை நம்புவதற்கு முன் இரண்டு வினைகளின் திறனையும் நீர்ப்பு வரிசை போட்டு அளந்திருக்க வேண்டும்.

எச்.ஐ.வி.-யில் எண்ணும் முறை வேறு. 2015-இல் வெளியான டில்டா என்ற முறையில் சி.டி.4 செல்களை 12 மணி நேரம் தூண்டிவிட்டு, படிப்படியாகக் குறையும் எண்ணிக்கையில் குழிகளில் போட்டு, எத்தனை குழிகளில் டாட்/ரெவ் ஸ்ப்ளைஸ் ஆர்.என்.ஏ. எழுகிறது என்று பார்க்கிறார்கள். மருந்து எடுப்பவர்களின் செல்களில் உள்ள வைரஸ் டி.என்.ஏ.-வில் மிகப் பெரும்பகுதி பழுதானது. டி.என்.ஏ. பி.சி.ஆர். அதையெல்லாம் சேர்த்தே எண்ணும். படியெடுத்து, சரியாக வெட்டி ஒட்டத் தெரிந்தவை மட்டுமே டில்டாவில் தேறும். அப்படித் தேறியவற்றிலும் பழுதானவை கலந்திருக்கும் என்பதால், இதையும் மேல்வரம்பாகவே கொள்ள வேண்டும்.

படி 8: ரிப்போர்ட்டில் எழுதுவது

சந்தையில் உள்ள எம்.ஆர்.என்.ஏ. பரிசோதனைகளையும் உங்கள் லேபின் ஸ்ப்ளைஸ் பரிசோதனையையும் ஒன்றாகப் பேசாதீர்கள். 2011-இல் அமெரிக்க எஃப்.டி.ஏ. அனுமதி பெற்ற ஆப்டிமா என்ற பரிசோதனை, எச்.பி.வி.-யின் 14 வகைகளின் இ6/இ7 ஆர்.என்.ஏ.-வை மொத்தமாகத் தேடுகிறது. பழைய நாஸ்பா வகைப் பரிசோதனைகள் 16, 18, 31, 33, 45 ஆகிய ஐந்தோடு நின்றன. நாஸ்பா 41 டிகிரியிலேயே ஓடுவதால் இரட்டை இழை டி.என்.ஏ. பிரிவதில்லை, ஆகவே ஆர்.என்.ஏ. மட்டும் பெருகுகிறது. நீங்கள் செய்தது 226^409 ஒன்றை மட்டும் என்றால், எச்.பி.வி. 18 உள்ள ஒருவருக்கு அது நெகட்டிவ் காட்டும். எந்த வகை, எந்த இணைப்பு என்பதை ரிப்போர்ட்டின் முதல் வரியிலேயே எழுதுங்கள்.

'உயிருள்ள வைரஸ்' என்ற சொல்லைத் தவிர்த்துவிடுங்கள். கொரோனாவில் இதை நன்றாகப் பார்த்தோம். அங்கே ஸ்ப்ளைசிங் இல்லை. ஆனால் வைரஸின் பாலிமரேஸே தாவித் தாவி உருவாக்கும் துணை ஆர்.என்.ஏ.-க்களில் இதேபோல் புது இணைப்பு உண்டு. 2020-இல் அதை வைத்து வைரஸ் பெருகுகிறதா என்று அளந்தார்கள். பிறகு, அந்த ஆர்.என்.ஏ. சவ்வுப் பைகளுக்குள் பாதுகாப்பாக நெடுநாள் தங்கக்கூடும் என்று தெரியவந்ததும் அந்த நம்பிக்கை தளர்ந்தது. ஸ்ப்ளைஸ் ஆர்.என்.ஏ.-வும் செல்லுக்குள் படியெடுப்பு நடந்ததைத்தான் சொல்கிறது. மற்றவருக்குத் தொற்றுமா என்பது அதன் வரம்புக்கு வெளியே.

நெகட்டிவ் ரிப்போர்ட்டில் மனித ஆர்.என்.ஏ. கட்டுப்பாட்டின் சி.டி. மதிப்பையும் அச்சிடுங்கள். அது உங்கள் லேபின் வரம்பைத் தாண்டியிருந்தால் 'நெகட்டிவ்' என்று போடாமல் 'மதிப்பிட இயலவில்லை, புது சாம்பிள் அனுப்பவும்' என்று எழுதி, சாம்பிள் எந்த ஊடகத்தில், எத்தனை நாளுக்குள் வந்து சேர வேண்டும் என்பதையும் அதன் கீழேயே குறிப்பிடுங்கள்.